பெரியண்ணி பார்க்காத படம்

என் பெரியண்ணி பொறாமைக்காரி. முதுகுக்குப் பின்னால் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவள் முகத்துக்கு நேரே பலமுறை சொல்லியிருக்கிறேன், அவளும் மறுத்ததில்லை. எதிர்வீட்டில் புதுத் திரைச்சீலை மாட்டினால் அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுத் திரைச்சீலைகள் சோப்பு நீரில் ஊறும். அடுத்த தெருவில் யாராவது வீட்டுக்கு வெள்ளையடித்தால் பெரியண்ணனுக்கு அன்று சாப்பாட்டோடு ஒரு சண்டையும் கிடைக்கும். மற்றவர்கள் இதையெல்லாம் உள்ளுக்குள் வைத்துப் புழுங்குவார்கள். இவள் சமையலறை நடுவில் நின்று, "எனக்கு வயிறு எரியுதுடி" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பாள். நெருப்பை அணைக்கிறாள் என்று பெரியண்ணன் சிரிப்பான்.

அவளும் நானும் ஒரே ஆய்வகத்தில் வேலை பார்க்கிறோம். எனக்கு ஸ்டோர் ரூம். கையுறை, கண்ணாடித் தட்டு, சாயக்குப்பி, எது வேண்டுமானாலும் பெரிய படிப்புப் படித்தவர்கள்கூட என் ஜன்னலுக்கு முன்னால் வந்துதான் நிற்க வேண்டும். பெரியண்ணிக்கு உள்ளே சாயம் ஏற்றுகிற வேலை. ஒரு செல்லை அப்படியே நுண்ணோக்கியில் வைத்தால் ஒன்றும் தெரியாது, தண்ணீருக்குள் தண்ணீர் மாதிரி இருக்கும். அதற்குள் இருக்கும் டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொள்கிற ஒரு சாயம் இருக்கிறது. அதை ஊற்றி, ஊதா வெளிச்சத்தை அடித்தால் செல்லின் நடுப்பகுதி மட்டும் நீலமாக ஒளிரும். பெரியண்ணி ஏற்றிய சாயத்தில் சுற்றிலும் மை போல இருட்டாக இருக்கும், நடுவில் நீலம் மட்டும் நிற்கும். ஆய்வகத்தில் அவளுக்கு நீலக்காரி என்றே பெயர். அவள் எடுத்த படங்கள் சட்டம் போட்டு நடைவழிச் சுவரில் தொங்குகின்றன. போகும்போதும் வரும்போதும் கைக்குட்டையால் ஒரு துடைப்புத் துடைக்காமல் அவள் அவற்றைக் கடந்து போனதில்லை.

ஆனால் ஒன்று, அவை எல்லாம் செத்த செல்கள். முதலில் ஒரு மருந்தை ஊற்றுவாள். செல்கள் இருந்த நிலையிலேயே உறைந்து உயிரை விட்டுவிடும். அதன்பிறகு எவ்வளவு சாயம் ஊற்றினாலும், எவ்வளவு வெளிச்சம் போட்டாலும், நாள் முழுக்கக் குனிந்து பார்த்தாலும் அவை கோபித்துக்கொள்ளாது. மிஞ்சிப்போனால் நிறம் கொஞ்சம் மங்கும். பெரியண்ணியின் கை இப்படித்தான் பழகியிருந்தது. ஒரு விஷயத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதில் ஏதாவது கெடுதல் உண்டு என்று அவள் நினைத்ததே இல்லை, வீட்டிலும் சரி, வேலையிலும் சரி.

சின்னண்ணனுக்குக் கல்யாணமாகிச் சின்னண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளும் வேறொரு ஊரில் இதே மாதிரி ஆய்வகத்தில் இருந்தவள். "நம்ம வீட்டுப் பொண்ணு, நல்லா வேலை செய்வா" என்று பேராசிரியரிடம் போய்ச் சொல்லி அவளை உள்ளே சேர்த்தவள் யார் தெரியுமா? பெரியண்ணியேதான். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தண்ணீர் டம்ளருக்கு ஓய்வே இல்லை. "அதே சோப்புதான், அதே வாளிதான், அவ துவைச்சா மட்டும் எப்படிடி வெளுக்குது?" என்பாள். சின்னண்ணி சமைத்தால் சோறு உதிரி உதிரியாக வந்துவிடும், அதற்கும் எரியும். சின்னண்ணிக்கு அகலமான முகம், கண்கள் இரண்டும் நல்ல இடைவெளி விட்டு விசாலமாக இருக்கும். பெரியண்ணிக்கு மூக்கை ஒட்டி நெருங்கிய கண்கள். கண்ணாடி முன்னால் நின்று தலைவாரும்போது, "கடவுள் எனக்கு இடம் பத்தாம வெச்சுட்டார்" என்று முணுமுணுப்பாள். நான் சிரித்தால் சீப்பு என்மேல் பறந்து வரும்.

சின்னண்ணி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டாள். அதுதான் பெரியண்ணிக்கு இன்னும் எரிச்சல். "ஏதாவது சொன்னா வாங்கிக் கட்டிக்கலாம். சிரிச்சுக்கிட்டே போறா பாரு, நாடகக்காரி" என்பாள்.

இந்த லட்சணத்தில்தான் ஆய்வகத்துக்குப் புது நுண்ணோக்கி வந்தது. உயிருள்ள செல்களை உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்க அதில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. கேமரா சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாகவே ஒரு படம் எடுக்கும். எல்லாப் படங்களையும் கோத்து ஓட்டினால் சினிமா. எங்கள் பேராசிரியர், மூக்குக் கண்ணாடியை எப்போதும் நெற்றிக்கு மேலே ஏற்றி வைத்திருப்பவர், நாங்கள் ரகசியமாக நெற்றிக்கண்ணர் என்போம், எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார்: "இந்த நுண்ணோக்கி அறைக்கு ஒரு பொறுப்பாளர் வேணும். ஒரு செல் உயிரோட ரெண்டாப் பிரியறதை ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் யார் முதல்ல படம் பிடிச்சுக் காட்டறாங்களோ, அந்த நாற்காலி அவங்களுக்கு."

பெரியண்ணி அந்த நாற்காலிக்காகவே பிறந்தவள் போல நடந்துகொண்டாள். நுண்ணோக்கி வரப்போகிறது என்று பேச்சு அடிபட்ட நாளிலேயே, அந்த அறையில் ஏசி குளிரும் என்று சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்று வாங்கி வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரியிடம், "எனக்குத் தனி ரூம் குடுக்கறாங்க" என்றுகூடச் சொல்லியாகிவிட்டது.

அவள் தன் வழக்கப்படியே வேலையை ஆரம்பித்தாள். சாயத்தைத் தாராளமாக ஊற்றினாள், வெளிச்சத்தை முழுதாகத் திறந்தாள். முதல் படத்தைப் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள், அவ்வளவு நீலம். அடுத்தடுத்த படங்களில் செல்கள் முண்டு முண்டாக வீங்கி, காய்ந்த பட்டாணி மாதிரி சுருங்கிக் கிடந்தன. மறுபடி செய்தாள், மறுபடியும் பட்டாணி. நேராக என் ஸ்டோருக்கு வந்தாள்.

"காலாவதியான பாட்டிலையா குடுத்தே?"

"அதே பாட்டில்ல இருந்துதான் அண்ணி சின்னண்ணிக்கும் ஊத்திக் குடுத்தேன்."

இதைச் சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் என் பாட்டிலைப் பழித்தால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

சின்னண்ணி சாயத்தைத் தொட்டும் தொடாமலும் விட்டாள். வெளிச்சத்தைக் கண்ணுக்கே தெரியாத அளவுக்குக் குறைத்தாள். கேமராவுக்கு மட்டும் அது போதும். உயிருள்ள செல்லுக்குச் சாயமும் பாரம், வெளிச்சமும் பாரம், இரண்டும் சேர்ந்தால் விஷம் என்று அவள் சொன்னாள். பெரியண்ணிக்கும் இது தெரியாமல் இல்லை, படித்திருக்கிறாள். ஆனால் கை கேட்க வேண்டுமே. சின்னண்ணியின் படம் மங்கலாக, புள்ளி புள்ளியாக இருந்தது. பெரியண்ணி அதைப் பார்த்து, "என்னம்மா இது, மழை பெய்யற டிவி மாதிரி இருக்கு" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தாள். சின்னண்ணியும் கூடவே சிரித்தாள். ஆனால் அந்த மங்கலுக்குள் செல்கள் உயிரோடு இருந்தன.

ஒருநாள் காலையில் சின்னண்ணி முழுப் படத்துக்கு ஏற்பாடு செய்தாள். தட்டை வைத்து, பெட்டியை மூடி, கேமராவை ஓடவிட்டு, அறையை இருட்டாக்கிவிட்டு வெளியே வந்தாள். அதன்பிறகு யாரும் தொடக் கூடாது. சாயங்காலம் திறந்தால் போதும்.

என்ன நடந்தது என்பதைப் பெரியண்ணியே பின்னால் என்னிடம் சொன்னாள். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் போனபிறகு அவள் அந்த அறைக்குள் போயிருக்கிறாள். கேமரா ஒருமுறை 'டிக்' என்றதும், அடுத்த படத்துக்கு முன்னால் இருக்கிற இடைவெளியில், வெளிச்சத்தை முழுதாகத் திறந்து, குனிந்து பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, வெளிச்சத்தைச் சின்னண்ணி வைத்த அளவுக்கே திரும்பக் குறைத்து வைத்திருக்கிறாள்.

"கெடுக்கணும்னு போகலடி. பொழைச்சிருக்கான்னு பாக்கத்தான் போனேன்."

"பொழைச்சிருந்துதா?"

"பொழைச்சிருந்துது. அதான் மறுபடியும் போனேன்."

மறுபடியும், மறுபடியும் போயிருக்கிறாள். பத்திரமாக இருப்பதைப் பார்க்கப் பார்க்க அவளால் இடத்தில் உட்கார முடியவில்லை. அந்த நேரத்தில் அவளுக்கு என்ன தோன்றியது என்று கேட்டேன். "அழகா இருந்துதுடி, எனக்கு வராதது அவளுக்கு வந்திருக்கேன்னு அழுகையா வந்துது" என்றாள்.

சாயங்காலம் நான் ஸ்டோரைப் பூட்டிக்கொண்டிருந்தபோது சின்னண்ணி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். திரையில் படம் ஓடியது. நீலப் புள்ளிகள் திரண்டன, குரோமோசோம்கள் நடுவில் வந்து வரிசையாக நின்றன. பிரியப் போகிறது, இதோ இதோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான். வரிசை அப்படியே நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் செல் கொப்புளம் கொப்புளமாக வீங்கி அடங்கியது.

"பாவம் ஏதோ கோளாறு" என்றேன் நான்.

சின்னண்ணி தட்டை மெல்ல ஒரு பக்கமாக நகர்த்தினாள். கொஞ்ச தூரம் வரை எல்லாம் செத்துக் கிடந்தன. சட்டென்று ஒரு விளிம்பு வந்தது. அந்த விளிம்பைத் தாண்டினால் எல்லாம் உயிரோடு, ஜோடி ஜோடியாகப் பிரிந்து முடித்து, ஜம்மென்று இருந்தன. மற்ற பக்கங்களிலும் நகர்த்திக் காட்டினாள். செத்த இடம் டம்ளரைக் கவிழ்த்து வைத்து எடுத்த மாதிரி ஒரே வட்டம். கண்ணால் பார்ப்பதற்காக விளக்கைத் திறந்தால் வெளிச்சம் விழுகிற வட்டம் அது.

"யாரோ பாத்திருக்காங்க" என்றாள் சின்னண்ணி.

பிறகு நுண்ணோக்கியின் இரண்டு கண்குழல்களையும் காட்டினாள். அவரவர் கண்ணின் இடைவெளிக்குத் தக்கபடி அவற்றை அகட்டி, நெருக்கி வைத்துக்கொள்ள வேண்டும். சின்னண்ணி காலையில் அவற்றை அகலமாக விட்டுப் போயிருந்தாள். இப்போது அவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்கிற அளவுக்கு நெருங்கி இருந்தன. விளக்கைப் பழைய அளவுக்கே குறைத்து வைத்த பெரியண்ணி இதை மறந்துவிட்டாள். எங்கள் ஆய்வகம் முழுக்கத் தேடினாலும் அவ்வளவு நெருக்கமாகப் பார்க்கிற கண்கள் ஒருத்திக்குத்தான். அன்று இரவுச் சாப்பாட்டில் சோறு குழைந்து போயிருந்தது, சமைத்தது சின்னண்ணி. அதற்காவது பெரியண்ணி சந்தோஷப்பட்டிருக்கலாம், தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலை பேராசிரியர் கேட்டார், "என்னாச்சு படம்?"

பெரியண்ணி அங்கேதான் நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. சின்னண்ணி அவள் பக்கம் திரும்பாமல், "வெளிச்சத்தைக் கொஞ்சம் அதிகமா வெச்சுட்டேன் சார். என் தப்புதான்" என்றாள்.

வேறொருத்தியாக இருந்தால் அப்பாடா என்று மூச்சு விட்டிருப்பாள். பெரியண்ணி புயல் மாதிரி என் ஸ்டோருக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள்.

"யாருடி கேட்டா இவளை? சோத்துல ஜெயிச்சா. துணியில ஜெயிச்சா. சாயத்துலயும் ஜெயிச்சாச்சு. இப்போ நல்லவங்கற பேரும் அவளுக்கே வேணுமா? எனக்குன்னு ஒண்ணும் மிச்சம் வைக்க மாட்டாளா?"

"தண்ணி தரட்டுமா அண்ணி?"

"உன் தண்ணியைக் கொண்டுபோய்க் கொட்டு!"

வந்த வேகத்தில் திரும்பிப் போனாள், நேராகப் பேராசிரியரின் அறைக்கு. நானும் பின்னாலேயே ஓடினேன், வாசலோடு நின்றுகொண்டேன்.

"சார், அவ பொய் சொல்றா. நான்தான் உள்ள போய்ப் பாத்தேன். ஒரு தடவை இல்ல, பல தடவை. விளக்கை முழுசாத் திறந்து பாத்தேன்."

பேராசிரியர் நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கீழே இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டார். அப்படி அவர் செய்து நான் பார்த்ததே இல்லை. "கெடுக்கறதுக்காகவா போனீங்க?" என்று கேட்டார்.

"இல்ல சார். பொறாமை. பாக்காம இருக்க முடியல."

"இவ்வளவு நேரா யாரும் என்கிட்ட சொன்னதில்லம்மா. ஆனா அந்த ரூமை இனிமே உங்களை நம்பிக் குடுக்க முடியாது" என்றார். பெரியண்ணி தலையாட்டினாள். நல்லெண்ணத்தால் அவள் உண்மையைச் சொன்னாள் என்று நான் சொல்ல மாட்டேன். சின்னண்ணிக்கு மட்டும் அந்தப் பெருமை போய்ச் சேர்வதை அவளால் பொறுக்க முடியவில்லை. அதற்காக இத்தனை நாள் ஆசைப்பட்ட நாற்காலியையே விட்டுவிட்டாள். அன்று எனக்கு அவள்மேல் பாவமாகவும் இருந்தது, எழுந்து நின்று கும்பிட வேண்டும் போலவும் இருந்தது.

சின்னண்ணி மறுபடியும் படத்துக்குத் தயாரானாள். புது அறைக்கு இன்னும் பூட்டுப் போடவில்லை. யாராவது தெரியாமல் நுழைந்துவிடாதபடி வாசலில் ஓர் ஆள் வேண்டும் என்றாள்.

"நான் உக்காந்துக்கறேன்" என்றாள் பெரியண்ணி.

சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு வாய் அடங்கவில்லை. "அண்ணி, உங்களுக்கே ஒரு காவல் வேணுமே" என்றேன்.

"இருக்கட்டும். அக்காவே இருக்கட்டும்" என்றாள் சின்னண்ணி.

பெரியண்ணி நடைவழியில் நாற்காலி போட்டு, கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அந்த அறைக்காக வாங்கிய சாம்பல் ஸ்வெட்டரை, அறைக்கு வெளியே, வெயில் விழுகிற நடைவழியில் உட்கார்ந்து போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே கேமரா 'டிக்' என்கிற சத்தம் லேசாகக் கேட்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் கழுத்து தானாகத் திரும்பும், பாதியில் நிற்கும். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். எதிர்ச் சுவரில் அவள் எடுத்த நீலப் படங்கள் வரிசையாகத் தொங்கின. அவற்றை அன்று அவள் துடைக்கவில்லை.

மத்தியானம் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"உள்ள எப்படிப் போகுதுன்னு தெரியலையேடி" என்றாள்.

"நல்லாத்தான் போகும்."

"நல்லாப் போகுதுங்கறதுதான் என் வயித்தெரிச்சலே." டீயை ஊதினாள். "நாசமாப் போகட்டும்னும் தோணுது. நல்லா வரணும்னும் தோணுது. ரெண்டும் ஒரே நேரத்துல தோணுது. நான் என்ன ஜென்மம்டி?"

பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் பேராசிரியரே வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வேறெங்கோ போகிறவர் மாதிரி வந்து, கதவருகே நின்றார். "சும்மா எட்டிப் பாக்கறேன்மா. ஒரே ஒரு தடவை" என்றார்.

பெரியண்ணி எழுந்து கதவை மறித்து நின்றாள். "வேணாம் சார். நானும் ஒரே ஒரு தடவைன்னுதான் ஆரம்பிச்சேன்."

அவர் வந்த வழியே திரும்பிப் போனார். சாயங்காலம் சின்னண்ணி வந்து கதவைத் திறக்கிற வரை பெரியண்ணி நாற்காலியை விட்டு நகரவில்லை.

படத்தைப் பெரிய திரையில் போட்டார்கள். அதே மங்கல், அதே மழை. நீலப் புள்ளிகள் மெதுவாகத் திரண்டன. நடுவில் வரிசை கட்டின. போன முறை நின்ற இடம் வந்ததும் பெரியண்ணி என் முழங்கையைப் பிடித்து நெரித்தாள். வரிசை ஒரு கணம் நடுங்கியது, இரண்டாகப் பிளந்தது, ஒரு பாதி அந்தப் பக்கமும் மறு பாதி இந்தப் பக்கமும் மெல்ல விலகிப் போயின. ஒரு செல் இருந்த இடத்தில் இரண்டு செல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எல்லோரும் கைதட்டினார்கள். பெரியண்ணி அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. எரிச்சல் எவ்வளவு, சந்தோஷம் எவ்வளவு என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

பேராசிரியர் அங்கேயே சின்னண்ணியைப் பொறுப்பாளர் என்று அறிவித்துவிட்டுப் போனார். மற்றவர்களும் கலைந்தார்கள். திரையில் படம் முடிந்து மறுபடி மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. பெரியண்ணி ஸ்வெட்டரைக் கழற்றிச் சின்னண்ணியிடம் நீட்டினாள்.

"இந்தா. உள்ள குளிரும். உனக்குத் தொளதொளன்னுதான் இருக்கும், என்ன பண்றது."

சின்னண்ணி அப்போதே மாட்டிக்கொண்டாள். கை நீளமாகத் தொங்கியது. "அக்கா, படத்தோட முடிவுல உங்க பேரையும் போடச் சொல்லப் போறேன்" என்றாள்.

"என்னன்னு போடுவே? பாக்காதவள்னா?"

"ஆமா. நீங்க பாத்திருந்தா இது ஏது?"

பெரியண்ணி யோசித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ இதுல பாதி என்னுது" என்றாள்.

"பாதி உங்களுதுதான்க்கா."

திரையில் அந்தச் செல் மறுபடியும் இரண்டாகப் பிரிந்து முடித்தது. பெரியண்ணி பக்கத்தில் போய், தன் நெருங்கிய கண்களை இன்னும் நெருக்கி, ஆசை தீர உற்றுப் பார்த்தாள். இந்தப் படத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பார்க்கலாம், ஒன்றும் சாகாது. பிறகு வலது பக்கத்துச் செல்லின்மேல் விரலை வைத்தாள்.

"இது கொஞ்சம் பளிச்சுனு இருக்கு. இதுதான் என்னுது."

எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தன. சின்னண்ணி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எடுத்துக்கோங்கக்கா" என்றாள்.